மதகைத் திறந்தது யார்

வருஷா வருஷம் ஜூன் இரண்டாம் வாரம் ஏசுதாஸ் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுவான். பையன்கள் எழுதிக் கொடுத்த புத்தகப் பட்டியல் சட்டைப் பையில் இருக்கும். உத்திரமேரூர்ப் பக்கம் அப்போது பாடப் புத்தகம் விற்கிற கடை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பியூன் போய் வாங்கி வந்தால்தான் உண்டு. திரும்பும்போது கோணிக் கட்டு பஸ்ஸின் கூரைமேல் கிடக்கும். மழை வந்துவிடுமோ என்று வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வருவான்.

அறுபத்தொன்றாம் வருஷம் கட்டைப் பிரித்து ஆபீஸ் பெஞ்சில் அடுக்கியபோது நாற்பத்தொரு நோட்ஸ் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குத் துணைப்பாடமாக வைத்திருந்த ‘மதகுக் காவல்’ என்ற நாவலுக்கான நோட்ஸ். நாவல் ஒன்றுகூட இல்லை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நோட்ஸுக்கு மஞ்சள் அட்டை. கதைச் சுருக்கம் ஆறு பக்கம். பிறகு கேள்விகளும் பதில்களும். ஒவ்வொரு பதிலையும் ஐந்தாறு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு தலைப்பு வைத்து, தலைப்புக்கு அடியில் கோடு போட்டிருந்தது. பையன்கள் அதை பாயிண்ட் என்றார்கள். ஆறு பாயிண்ட் எழுதினால் பத்துக்கு எட்டு மார்க். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஏசுதாஸ் அந்தக் கணக்கில் வராதவன். முப்பத்து மூன்று வயது. மிஷன் விடுதியில் சேர்ந்து படித்து, கடைசி வருஷத்தில் அப்பன் செத்துப்போக, பரீட்சை எழுதாமல் களத்து வேலைக்கு வந்தவன். பிறகு பியூன் ஆனான். மணி அடிப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, தபால் கொண்டுபோவது, நூலக அலமாரியின் சாவியை வைத்துக்கொள்வது எல்லாம் அவன் வேலை. பன்னிரண்டு வருஷமாக ஒரே காக்கிச் சட்டையின் வெவ்வேறு பிரதிகள்.

குமாஸ்தா சடையப்பன் அடுத்த ஜூனில் ஓய்வு பெறப்போகிறார். தலைமையாசிரியர் ஏகாம்பரம் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருந்தா உன் பேரை மேலே எழுதலாம்யா. கையெழுத்து நல்லா இருக்கு உனக்கு. எழுதிப் பாரேன்.”

அன்றிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான். மார்ச்சில் பரீட்சை எழுத வேண்டும், பாஸாக வேண்டும், ஜூனில் சடையப்பன் எழுந்து போகிற நாற்காலியில் உட்கார வேண்டும்.

‘மதகுக் காவல்’ நாவலை அவன் ஏற்கெனவே படித்திருந்தான். போன வருஷமும் அதுதான் துணைப்பாடம்; இன்னும் ஒரு வருஷமும் அதுதானாம். நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. மே மாத விடுமுறையில் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், சாயங்காலம் வாசலில் வெளிச்சம் இருக்கும்வரை உரக்கப் படித்தான். எதிரே அவன் பெண்சாதி அம்முலு அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நடவுக்கும் களைக்கும் போகிறவள்.

கதை இதுதான். ஏரியை ஒட்டி ஒரு கிராமம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கரை உடைகிற நிலை. மதகுக் காவல்காரன் பெயர் வீரபத்திரன். விடிந்து பார்த்தால் மதகு திறந்து கிடக்கிறது, தண்ணீர் வடிந்து ஊர் பிழைத்திருக்கிறது. ஊரார் வீரபத்திரனுக்கு மாலை போடுகிறார்கள். அவனும் கழுத்தை நீட்டுகிறான். பதிமூன்று அத்தியாயம் வரைக்கும் அப்படியே போகும். பதினான்காம் அத்தியாயத்தில்தான் உண்மை தெரியும். மழைக்குப் பயந்து அவன் மேட்டுக் கோயிலில் பதுங்கியிருந்தான். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி மதகைத் திறந்தது அவன் மனைவி கனகம். அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. மிச்சக் கதை முழுக்க, அந்த மாலையை வைத்துக்கொண்டு அவன் படுகிற பாடு.

மாலை போடுகிற இடத்தைப் படித்தபோதே அம்முலு முறத்தை நிறுத்தினாள்.

“இரு. அவன் வேட்டிய பத்தி இன்னா போட்டுகீது? திரும்பப் படி.”

“மடிப்புக் கலையாத வேட்டின்னு கீது.”

“அப்ப அவன் தொறக்கல.”

“ஏன்?”

“மதவத் தொறந்தவன் வேட்டி மடிப்பு கலையாம இருக்குமா? சேத்துல உளுந்து எய்ந்து வந்திருப்பான். அவனும் இல்ல ஒண்ணும் இல்ல. புளுவுறான்.”

நான்கு நாள் கழித்துப் பதினான்காம் அத்தியாயம் வந்தபோது அவள் முறத்தை நிறுத்தாமலே சிரித்துக்கொண்டாள். ஏசுதாஸுக்கு அன்றைக்குச் சோறு கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

ஜூனில் நோட்ஸைப் புரட்டியபோது ஏசுதாஸ் திடுக்கிட்டான். கதைச் சுருக்கத்தில், வீரபத்திரன் தன் உயிரைத் துச்சமாக எண்ணி மதகைத் திறந்தான் என்று இருந்தது. கனகத்தைப் பற்றி இரண்டே வரி. ‘கணவனின் புகழில் மகிழும் உத்தமி.’ நோட்ஸ் எழுதினவர் பாதியில் மூடிவிட்டார் என்பது அவனுக்கு உடனே விளங்கியது. பையன்களிடம் சொல்லிப் பார்த்தான்.

“டேய், இது தப்புடா. தொறந்தது அவன் இல்ல.”

“நோட்ஸுல போட்டுகீதே ஏசுதாஸு. அவங்க இன்னா படிக்காதவங்களா?” என்றான் ஒருவன். மற்றவன், “நீ மணி அடிக்கிற வேலையப் பாரு, நைனா” என்றான். வகுப்பே சிரித்தது.

மார்ச் பரீட்சைக்கு எட்டு நாள் லீவு வேண்டும். காஞ்சிபுரத்தில் தங்கி எழுத வேண்டும். அந்தச் சமயத்தில் பியூன் இல்லாமல் பள்ளிக்கூடம் நடக்காது. தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். ஜனவரியில் பையன்களுக்கு நடக்கிற செலக்‌ஷன் பரீட்சையை அவனும் எழுத வேண்டும். எல்லாப் பாடத்திலும் முப்பத்தைந்து வந்தால் லீவு. வராவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எழுதினான். வகுப்பின் கடைசி பெஞ்சில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து எழுதினான். இடையிடையே எழுந்துபோய் மணி அடித்துவிட்டு வந்தான். கணக்கில் நாற்பத்திரண்டு. இங்கிலீஷில் முப்பத்தாறு. மற்றவற்றிலும் முப்பத்தைந்துக்குக் குறைவில்லை. தமிழில் முப்பத்தொன்று.

துணைப்பாடக் கேள்வி இப்படி இருந்தது: ‘மதகைத் திறந்து ஊரைக் காத்த வீரபத்திரனின் தியாகத்தை விளக்குக.’ ஏசுதாஸ் எழுதிய முதல் வரி: ‘மதகைத் திறந்தவன் வீரபத்திரன் அல்லன்.’ அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் முட்டை. கீழே, ‘கதையே தவறு’.

தமிழாசிரியர் தாண்டவராயனை ஓய்வறையில் பார்த்தான். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். செய்யுள் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பையன்களும் காது கொடுப்பார்கள். துணைப்பாடம் என்றால் மட்டும் நோட்ஸைப் பிரித்து, “ரெண்டாவது பாயிண்டு, எழுதிக்கோ” என்பார்.

“இன்னாய்யா ஏசுதாஸ், கதையவே மாத்திட்டியே.”

“மாத்தல ஐயா. பதினாலாவது அத்தியாயத்துல கீது.”

“அப்படியா? எடுத்துக்கினு வா, பாக்கலாம்.”

“நீங்க படிக்கலீங்களா ஐயா?”

அவர் சுண்ணாம்பைத் தேடினார். “எனக்குக் கம்பெனிக்காரன் நோட்ஸு இனாமா அனுப்பிச்சான். நாவல் அனுப்பல. நான் வந்து, சங்க இலக்கியம் படிச்சவன்யா.”

எடுத்துக்கொண்டு வா என்று சொல்வது சுலபம். நூலகப் பிரதி இல்லை. நவம்பரில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி, பஸ்ஸில் படிக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு எடுத்துப்போனார். அவரிடம் போய்த் திருப்பிக் கேட்கிறவர் யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஏசுதாஸ் வகுப்பில் போய் நின்றான்.

“யாராண்டையாவது நாவல் கீதா? புஸ்தகம். நோட்ஸு இல்ல.”

நாற்பத்தொரு பேர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடமாக வைத்த புத்தகம் ஒன்று அந்த வகுப்பில் கிடையாது. சடையப்பனைக் கேட்டான். தபாலாபீஸில் கேட்டான். பக்கத்து ஊர் வாத்தியார் இருவரைக் கேட்டான். எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. வீரபத்திரன் மதகைத் திறந்த கதை. மூன்றாம் நாள் பெருநகர் கிராமத்திலிருந்து வருகிற கன்னியப்பன் என்ற பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“எங்க வூட்ல ஒண்ணு கீது. போன வருசம் எங்க அண்ணன் தெரியாம வாங்கிட்டான்.”

சனிக்கிழமை மத்தியானம் பெருநகருக்குப் போனான். கன்னியப்பன் வீடு பெரிய பயிர்க்குடி. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஏசுதாஸ் செருப்பை விட்டுவிட்டு வைக்கோல் போர் ஓரம் நின்றான். பையனின் அம்மா செல்லம்மாள் வெளியே வந்தாள்.

“யாருப்பா? பள்ளிக்கூடத்து ஆளா? புள்ள இன்னா பண்ணிட்டான்?”

“ஒண்ணும் பண்ணலம்மா. ஒரு புஸ்தகம் பாக்கணும்.”

அவள் உள்ளே போய்ப் பரணிலிருந்து எடுத்துவந்து, அவன் கையில் கொடுக்காமல் கட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். ஏசுதாஸுக்கு அது புதிதல்ல. எடுத்துக்கொண்டான். பழுப்புக் காகித அட்டை, பெயர்ச் சீட்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிரித்தபோது முதல் பதினாறு பக்கம்தான் விரிந்தது. அதற்குமேல் தாள்கள் மடிப்போடு ஒட்டிக்கொண்டு நின்றன. அச்சகத்தில் ஓரம் வெட்டாமலே தைத்து அனுப்பிய புத்தகம். வாங்கினவர் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டியது. அண்ணன்காரன் முதல் மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறான். அவன் பாஸாகிப் பட்டாளத்தில் சேர்ந்தும் விட்டான்.

பதினான்காம் அத்தியாயம் மடிப்புக்குள் இருந்தது. இரண்டு தாள்களுக்கு நடுவில் கண்ணை வைத்துப் பார்த்தான். ‘கனகம்’ என்கிற சொல் தெரிந்தது. மேலே தெரியவில்லை.

“அம்மா, ஒரு கத்தி கெடைக்குமா? இத்தப் பிரிக்கணும்.”

“ஐயையோ, பிரிக்காதப்பா! பிரிக்காத இருந்தாத்தான் அடுத்த வருசம் புதுசுன்னு போவும். எந்தப் புஸ்தகத்தையும் எம் புள்ளைங்க அப்டி வீணாக்காதுங்க.”

“பெரிய வாத்தியார் பாக்கணும்னாரும்மா.”

பெரிய வாத்தியார், அதாவது தலைமையாசிரியர், அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு மரியாதை இருந்தது. திங்கட்கிழமை பிள்ளையிடமே கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள். ஏசுதாஸ் வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நின்றான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் அவரும் தாண்டவராயனும் ஏசுதாஸும். மேஜைமேல் புத்தகம். கன்னியப்பன் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். தலைமையாசிரியர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மர ரூல்தடியை எடுத்து மடிப்புக்குள் செருகி இழுத்தார். தாள் பிசிறு பிசிறாகக் கிழிந்து பிரிந்தது. பக்கத்தை எண்ணி அடுத்த மடிப்பையும் பிரித்தார்.

“படிங்க ஐயா” என்று தாண்டவராயனிடம் நீட்டினார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நல்ல குரல். கனகம் தண்ணீரில் இறங்குகிற இடம் வந்ததும் குரல் தாழ்ந்தது. படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

“நல்லா எழுதிகீறான்யா” என்றார் யாரிடமோ.

ஏசுதாஸ் காத்திருந்தான். பத்துக்கு நான்கு போதும். முப்பத்தொன்றும் நான்கும் முப்பத்தைந்து. ஆறேழுகூடக் கிடைக்கலாம்.

தலைமையாசிரியர் புத்தகத்தை மூடினார். “நீ சொன்னது சரிதான். இப்ப என்ன செய்யணும்ங்கிற?”

“என் பேப்பர மட்டும் திருத்தினா போதும் சார்.”

“அது எப்படி? உன் பதில் சரின்னா நாற்பத்தொரு பேர் பதில் தப்பு. அத்தனை பேருக்கும் முட்டை போடணும். பாதிப் பேர் செலக்‌ஷன்ல நிப்பான். நாளைக்கு அவன் அப்பனெல்லாம் இங்க வந்து நிப்பான். அதையும் விடு. கேள்வியே தப்பு. அப்ப கேள்வி போட்டவரை என்ன பண்றது?”

தாண்டவராயன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“சார், நெசம் இதுதானே.”

“யாரு இல்லேன்னா? மார்ச்சுல உன் பேப்பரைத் திருத்தப்போறவன் கையில என்ன இருக்கும்? சொல்லு.”

ஏசுதாஸ் மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

“நோட்ஸ்தான்யா இருக்கும். இவரை மாதிரி ஒருத்தர்தான் அங்கயும் உக்காந்திருப்பார். நீ இப்படியே எழுதினா அங்கயும் முட்டைதான். எட்டு நாள் லீவு கொடுத்து உன்னை ஃபெயிலாக அனுப்பணுமா நான்?” குரலைத் தணித்துக்கொண்டார். “ஒண்ணு பண்ணு. ஒரு தாள் எடுத்துக்கோ. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மறுபடி எழுதிக் கொடு. நோட்ஸ்படி. இவர் மார்க் போடுவார். மார்ச்சுலயும் அதையே எழுதுவேன்னு சொல்லு. லீவு தர்றேன், சிபாரிசும் எழுதறேன்.”

இடைவேளை மணி அடிக்கிற நேரம். அதற்கும் அவன்தான் போக வேண்டும். வேப்ப மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டின் முன் போய் நின்று, இரும்புக் கம்பியை எடுத்தான். பையன்கள் ஜன்னல் வழியாக, “அடி ஏசுதாஸு, அடி!” என்று கத்தினார்கள். பன்னிரண்டு வருஷம். இன்னும் இருபத்தைந்து வருஷம் இப்படியே அடிக்கலாம். வேண்டிய அடிக்கு மேல் நாலைந்து அடி அடித்துவிட்டான். பிறகு கம்பியை மாட்டிவிட்டு அறைக்குத் திரும்பினான்.

அலமாரி ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினான். நோட்ஸைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஜூனிலிருந்து பையன்கள் ஒப்பித்ததைக் கேட்டுக் கேட்டு அது அவனுக்குள் இருந்தது. கடமையுணர்வு. அஞ்சாமை. தன்னலமின்மை. ஊர்ப்பற்று. அடக்கம். புகழ் வேண்டாமை. ஒவ்வொன்றுக்கும் அடியில் அந்த ரூல்தடியை வைத்து நேராகக் கோடு போட்டான்.

தாண்டவராயன் நின்றபடியே எட்டு போட்டார். முப்பத்தொன்றை அடித்து முப்பத்தொன்பது என்று எழுதினார். வெளியே வந்ததும் அவன் தோளைத் தொட்டார். “மனசுல வெச்சிக்காத ஏசுதாஸ். நானும் படிச்சிருக்கணும்.”

“சரிங்க ஐயா” என்றான். வேறு என்ன சொல்வது?

மடிப்பைப் பிரித்த புத்தகத்தைச் செல்லம்மாள் திருப்பி வாங்க மறுத்துவிட்டாள். பிரித்த புத்தகம் எங்களுக்கு எதற்கு, கேட்ட ஆளையே வைத்துக்கொள்ளச் சொல் என்று மகனிடம் சொல்லியனுப்பினாள். அது ஏசுதாஸின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்முலு அதைப் பார்த்ததும், “பெரிய வாத்தியாரே கியிச்சிப் பாத்தாரா? பாத்துட்டு இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள்.

“நான் சொன்னதுதான் சரின்னாரு. லீவு குட்துட்டாரு.”

இரண்டும் நடந்ததுதான். நடுவில் நடந்ததை அவன் சொல்லவில்லை.

மார்ச்சில் காஞ்சிபுரத்தில் எழுதினான். துணைப்பாடக் கேள்வி வந்தது. வீரபத்திரன் பண்புகளைத் தொகுத்துரைக்கச் சொல்லி, வார்த்தை மாறாமல் நோட்ஸில் இருந்த மாதிரியே வந்தது. ஆறு பாயிண்ட். எழுதி முடித்தபிறகு நேரம் நிறைய மிச்சமிருந்தது. கனகத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி சேர்க்கலாமா என்று நினைத்து, பேனாவைத் திறந்து, தாளின் அடியில் முனையை வைத்தான். ஒரு புள்ளி விழுந்தது. மூடிக்கொண்டான்.

மே கடைசியில் பத்திரிகையில் அவன் எண் வந்தது. தமிழில் நாற்பத்து மூன்று. தலைமையாசிரியர் சொன்ன சொல் தவறவில்லை. சிபாரிசு போயிற்று, உத்தரவு வந்தது. சடையப்பன் பேனா ஸ்டாண்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரம் ஏசுதாஸ் எழுதிய முதல் பட்டியல், புதுப் பியூன் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப்போக வேண்டியது. ‘மதகுக் காவல்’ நோட்ஸ், நாற்பத்தாறு. கீழே நாவல், ஒன்று என்று எழுதி, நூலகத்துக்கு என்று குறித்தான். கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார். “போன பிரதியே வரலை, அதுக்குள்ள இன்னொண்ணா?”

அன்று சாயங்காலம் அம்முலு சொர்ணவாரிப் பட்டத்து நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

“சிட்டம்மா கேட்டா, இத்தினி வருசம் கயிச்சி உன் வூட்டுக்காரரு எப்டிடி பாஸானாருன்னு. நான் சொன்னேன், பசங்க அத்தினி பேரும் பொய்ய எய்துச்சிங்க, எங்க ஆளு ஒருத்தருதான் கனகம்தான் தொறந்தான்னு எய்தினாரு, அதான் பாஸு போட்டு நாற்காலி குட்தாங்கன்னு. கத முழுக்கச் சொன்னேன். நட்டுக்கினே கேட்டாளுங்க. ஒருத்தி அய்துட்டா.”

ஏசுதாஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வெள்ளைச் சட்டை. புதிது.

“நான் அப்டி எய்தல” என்றான்.

“பின்ன?”

“அவன்தான் தொறந்தான்னு எய்தினேன். அப்டி எய்தினாத்தான் லீவுன்னாரு. இங்க ஒரு தடவ. பரீட்சையில ஒரு தடவ.”

அம்முலு குடத்தைச் சாய்த்துக் காலில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு காலைக் கழுவினாள். மற்றக் காலைக் கழுவாமல் நின்றாள்.

“நாளைக்கும் அதே கயனிலதான் நடவு.”

அவன் மாட்டிய சட்டையை நீவிவிட்டான்.

“கேட்டாளுங்கன்னா?”

அவள் மிச்சத் தண்ணீரை மற்றக் காலில் ஊற்றிச் சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் யாராண்டையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.